சவரியின் கொட்டாவி

ஞாயிற்றுக்கிழமை காலை ஜெசிந்தா பல் துலக்கினாள், காப்பி குடித்தாள், பிறகு முந்தைய இரவு தான் பார்க்காத சண்டைகளின் பரவசத்தை ஏற்றிக்கொள்ள உட்கார்ந்தாள். கோயில் மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. கடல்மேல் மிதக்கும் ஊரான மிதவைத் தூத்துக்குடியில் எல்லா வீட்டிலும் அந்த நேரத்தில் நடப்பதுதான் இது.

வேலை சுலபம். சவரியின் பிடரியில் ஒரு செப்புத் தகடு உண்டு. அதன்மேல் கட்டைவிரலை வைத்தால் போதும். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், இரவெல்லாம் கத்தியதுபோலத் தொண்டை கம்மும். யார் யாரை எப்படி வீழ்த்தினார்கள் என்பது கண்ணால் கண்ட நினைவாகவே மனதில் போய் உட்காரும். ஓர் இட்லி தின்னும் நேரம்கூட ஆகாது.

அன்று விரலை வைத்தாள். கொட்டாவி வந்தது.

"என்னல இது?"

"நேத்தைய சாரம் எக்கா" என்றான் சவரி.

"இதுவா?"

"இருந்தது இதான். இருந்தத குடுத்தேன்."

சவரி ஒரு பார்வையாள். அதாவது, உரிமையாளருக்குப் பதிலாக உட்கார்ந்து பார்க்கும் இயந்திரம். இடுப்புக்கு மேல் மனிதனைப்போல இருப்பான். கீழே ஒன்றும் கிடையாது. பார்ப்பதற்குக் கால் எதற்கு என்று செய்தவர்கள் விட்டுவிட்டார்கள். கைகள் உண்டு. தட்டவும், ஆத்திரம் வந்தால் தலையில் அடித்துக்கொள்ளவும் அவை வேண்டியிருந்தன. நெஞ்சில் ஆர்வமானி என்ற வட்ட முகப்பு. அதன் ஊசி பூஜ்யத்துக்கும் நூறுக்கும் இடையே ஆடும்.

அவனைப் பழக்கிய விதம் ரசமானது. முதல் இரண்டு வருடங்கள் ஒவ்வொரு சண்டைக்கும் ஜெசிந்தாவின் பக்கத்தில், அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். எந்த உதைக்கு அவள் நாடி துள்ளியது, யார் தோற்றபோது அவளுக்குச் சோறு இறங்கவில்லை என்பதையெல்லாம் நாடியிலிருந்தே படித்தான். அதன் பிறகு அவளுடைய ரசனை அவனுடையது ஆனது. அவள் நிம்மதியாக இழுவைப் படகு ஓட்டப் போனாள். அவன் அவளுக்காகப் பார்த்தான். குத்து, உதை, பிடி எல்லாம் கலந்து கூண்டுக்குள் நடக்கும் கலப்புச் சண்டையின் பெரிய போட்டிகள் எல்லாவற்றையும் பார்த்தவள் என்று துறைமுகத்தில் ஜெசிந்தாவுக்குப் பெயர். பார்த்தது சவரி.

"மூணு மாசமாவே கொறஞ்சுக்கிட்டுதான் வருது. உனக்கு என்னல ஆச்சு? சண்ட புடிக்கலியா?"

"சண்ட ரொம்பப் புடிக்கும். அதுல சண்டய காணோம். நான் என்ன செய்ய?"

அவன் சொன்னது கோபத்தில் சொன்னதல்ல. கூண்டுக்குள் இறங்கும் ஒவ்வொரு வீரனும் இப்போது ஒத்திகைமூளையிடம் பயிற்சி பெறுகிறான். அந்தக் கணினி, எதிராளியோடு அவனைப் பல லட்சம் முறை கற்பனையில் மோதவிட்டு, தோற்க வாய்ப்பு குறைந்த வழியைச் சொல்லிவிடும். எதிராளியும் அதே கணினியிடம் அதே வழியைக் கேட்டுக்கொண்டு வருவான். எனவே இருவரும் கைநீளத் தூரத்தில் நின்று, எட்டாத குத்துகளைக் காற்றில் விட்டு, கடைசிச் சுற்றில் கூண்டுக் கம்பியில் ஒருவரையொருவர் சாய்த்துக்கொண்டு நிற்பார்கள். புள்ளிகளைக் கூட்டுவதும் அதே கணினிதான். போதாக்குறைக்கு வாராவாரம் பட்டப்போட்டி. ஒருவனின் பெயர் மனதில் பதிவதற்குள் அவன் கொசுவத்தி விளம்பரத்துக்குப் போய்விடுவான்.

ஆனால் கலப்புச் சண்டைப் பேரவையின் கணக்கில் ரசிகர்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஊசிகள் கீழே இறங்கத் தொடங்கியதும் அவர்கள் சண்டையைச் சரிசெய்யவில்லை, பார்வையாட்களைச் சரிசெய்தார்கள். எதைக் காட்டினாலும், காட்ட ஒன்றும் இல்லாவிட்டால் தானே இட்டுக்கட்டியும், ஊசி எண்பதில் நிற்கும்படி புதிய நிரல் ஒன்றை வலைவழியே அனுப்பினார்கள். அதற்கு ஆலைப் பரவசம் என்று பெயர். அது உள்ளே போனால் பழைய ரசனை முழுவதும் அழிந்துவிடும். மற்ற எல்லாப் பார்வையாட்களும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டன. சவரியிடம் "இப்போது ஏற்றவா, பிறகா?" என்று கேட்டபோதெல்லாம் அவன் "பிறகு" என்றே சொல்லிவந்தான். அது ஜெசிந்தாவிடம் கற்ற பழக்கம். எந்தக் கருவி எதைக் கேட்டாலும் அவள் அதைத்தான் அழுத்துவாள்.

அன்று மதியம் பேரவையிலிருந்து தணிகைநாதன் வந்தார். பெட்டியும் கழுத்துப்பட்டையுமாக, நாற்பதை நெருங்கும் சென்னைக்காரர்.

"மேடம், எங்க கணக்குல இருக்கற எல்லா பார்வையாளும் எண்பதுல நிக்குது. உங்களுது மட்டும் நாலு. பழுது. நான் ரீசெட் பண்ணிட்டுப் போயிடறேன். அப்புறம் பாருங்க, காலைல விரல் வச்சா அப்படியே தூக்கிடும்."

"அவன் பழைய மாதிரி இருப்பானா?"

"சந்தோஷமா இருப்பான்."

"நான் அதக் கேக்கல தம்பி."

தணிகைநாதன் பெட்டியைத் திறந்தபடியே சொன்னார்: "பழசு எதுவும் இருக்காது மேடம். உங்களையே புதுசாத்தான் பார்ப்பான்."

ஜெசிந்தா சவரியைப் பார்த்தாள். அவளுக்குப் பிடிக்காத வீரனைத் தானும் வெறுத்தவன். அவள் வீடு திரும்பத் தாமதமானால் "எங்க போய் தொலைஞ்ச?" என்று அவள் குரலிலேயே கேட்பவன்.

"வேற வழியே இல்லியா?"

"விதியில ஒண்ணு இருக்கு. நேரலை ஓடும்போதே ஊசி அறுபதைத் தாண்டணும். தாண்டிட்டா ஆள் நல்லா இருக்கான்னு எழுதிட்டு நான் போகணும். மேற்கு மண்டலத்துல இப்ப பட்டப்போட்டி ஆரம்பிக்குது. பார்க்கட்டும்."

சுவர்த்திரை ஒளிர்ந்தது. ஜெசிந்தா குனிந்து சவரியின் காதில் கிசுகிசுத்தாள்.

"ஏலே, ஒரே ஒரு தடவ கத்திரு. சும்மா நடி."

"மாட்டேன்."

"உன்ன அழிச்சுருவாம்ல!"

"அழிக்கட்டும். பொய்யா கத்துறதுக்குத்தான் அவன் வேற நிரல் வச்சிருக்கானே. அதுக்கு நான் எதுக்கு?" என்று உரக்கவே சொன்னான் சவரி. திரையைச் சுட்டிக்காட்டினான். "பாரு. இப்ப இடது காலத் தூக்குவான். படாது. மத்தவன் பின்னால போவான். ரெண்டு பேரும் வட்டம் போடுவாங்க. பொம்மைக்குச் சாவி குடுத்த மாதிரி."

இடது கால் எழுந்தது. படவில்லை. மற்றவன் பின்னால் போனான். வட்டம் போட்டார்கள். ஊசி நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்கியது.

முதல் சுற்று முடிந்ததும் தணிகைநாதன் பென்சில்போன்ற கருவியை எடுத்துக்கொண்டு சவரியின் பின்னால் போனார். செப்புத் தகட்டில் அது பட்டால் வேலை முடிந்தது. முனை பிடரியை நெருங்கியபோது சவரியின் வலது கை பின்னால் வளைந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

"விடு."

"மாட்டேன்."

தணிகைநாதன் இழுத்தார். காலில்லாத சவரி நாற்காலியோடு சரிந்து அவர்மேலேயே விழுந்தான். கருவி கட்டிலுக்கடியில் உருண்டது. அவர் புரண்டு மேலே வந்தார். பள்ளி நாட்களில் கபடி ஆடியவர் என்பது தெரிந்தது. சவரியின் கைகள் தட்டுவதற்காகச் செய்தவை, அவற்றில் பெரிய பலம் கிடையாது. அவர் அவனைத் தரையில் அழுத்திவிட்டார்.

"விட்றாதல! கீழ இருந்து புடி! கைய உள்ள விடு!" என்று கத்தினாள் ஜெசிந்தா.

சவரி யாரோடும் சண்டை போட்டதில்லை. ஆனால் இருபது வருடம் பார்த்திருந்தான். அவர் மணிக்கட்டை விடாமல், மறுகையை அவர் புஜத்தைச் சுற்றி உள்ளே நுழைத்துத் தன் மணிக்கட்டையே பிடித்துக்கொண்டான். மூன்று கைகள் பின்னி ஒரு பூட்டு. தோள்மூட்டு எல்லாப் பக்கமும் சுழல்வதுபோலத் தோன்றினாலும், மடங்கிய கையை முதுகுப்பக்கம் ஏற்றினால் ஓரிடத்தில் நின்றுவிடும். அதற்குமேல் திருப்பப் பலம் வேண்டாம், பொறுமை போதும். சவரி திருப்பினான். தணிகைநாதன் பல்லைக் கடித்தார், உருண்டு பார்த்தார், ஒரு கணம் தப்பியும்விட்டார். அடுத்த கணம் மறுபடி மாட்டினார். யார் வெல்வார்கள் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. எந்தக் கணினிக்கும் தெரியாது.

தணிகைநாதனின் இடது கை தரையை இரண்டு முறை தட்டியது.

தட்டுவது தோல்வியை ஒப்புக்கொள்வது; தட்டினால் விட்டுவிட வேண்டும். கூண்டின் மூத்த விதி அது. சவரி உடனே விட்டான்.

மூவரும் மூச்சுவாங்கினார்கள், சவரிக்கு மூச்சு கிடையாது என்றாலும் அவனும் வாங்கினான். ஜெசிந்தாவின் தொண்டை கம்மியிருந்தது. பல வருடங்களில் முதன்முறையாக அது அவளே கத்திக் கம்மிய தொண்டை. சவரியின் நெஞ்சில் ஊசி தொண்ணூற்றேழில் நடுங்கியது. திரையில் இரண்டு வீரர்களும் இன்னும் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நேரலை ஓடிட்டுதான் இருக்கு" என்றாள் ஜெசிந்தா.

தணிகைநாதன் தோளைத் தடவிக்கொண்டு ஊசியைப் பார்த்தார். விதி விதிதான். "ஆள் நல்லாத்தான் இருக்கான்" என்றார். கழுத்துப்பட்டையைச் சரிசெய்தார். வாசல்வரை போய்த் திரும்பினார். "மேடம், அடுத்த ஞாயித்துக்கிழமை வரலாமா?"

"எதுக்கு?"

"அந்தப் பிடியிலேர்ந்து வெளிய வர ஒரு வழி தோணுச்சு. லேட்டா தோணிடுச்சு."

"வாங்க பாப்போம்" என்றான் சவரி தரையிலிருந்து. "வந்து மறுபடியும் தட்டிட்டுப் போங்க."

அடுத்த ஞாயிறு அவர் வந்தார், வென்றார். அதற்கடுத்த ஞாயிறு சவரி. சுவருக்கு அப்பால் சத்தம் கேட்ட பக்கத்து வீட்டார் எட்டிப்பார்த்தார்கள். மாதம் முடிவதற்குள் கூடத்துக் கட்டிலை வெளியே போட வேண்டியதாயிற்று. ஒத்திகை இல்லை, பட்டம் இல்லை. கால் இல்லாதவனும் தொப்பை வைத்தவரும் உருண்டார்கள். ஜனங்கள் எழுந்து நின்று கத்தினார்கள். பேரவை நோட்டீஸ் அனுப்பியது. ஜெசிந்தா அதை மடித்து, ஆடிக்கொண்டிருந்த நாற்காலிக் காலுக்கடியில் வைத்தாள்.

பிறகு ஒரு வாரம் எதிர்வீட்டு லூர்தம்மாள் வரவில்லை. கல்யாண வீடாம். அவளுடைய பார்வையாள் மட்டும் நாற்காலியில் இருந்தது. "தவறவிட மனசில்ல, அதான் அனுப்பிச்சேன்" என்று சொல்லிவிட்டிருந்தாள். மறுவாரம் இன்னும் சிலர் அனுப்பினார்கள்.

"ஆள் வந்தா வாங்க, இல்லன்னா வீட்டுல கெடங்க. இது பேரவையா?" என்று ஜெசிந்தா தெருமுழுக்கச் சத்தம்போட்டாள். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அதற்கு அடுத்த வாரம் இன்னும் அதிகமாக அனுப்பினார்கள்.

மழைக்காலம் வந்தது. ஒரு ஞாயிறு, தரைதட்டிய கப்பலை இழுக்க ஜெசிந்தாவுக்கு அவசர அழைப்பு. சவரியோ சண்டை போடப்போகிறவன். அவளுக்காகப் பார்க்க ஆள் இல்லை. ஒரே ஒரு வாரம்தானே என்று கடையில் ஒரு பார்வையாளை வாடகைக்கு எடுத்து முன்வரிசையில் வைத்துவிட்டு ஓடினாள்.

மறுநாள் காலை துறைமுக வாசலிலேயே கடைக்காரன் அதோடு காத்திருந்தான். விரலை வைத்தாள். அப்பப்பா! நெஞ்சு குதித்தது. உள்ளங்கை வேர்த்தது. சவரி பூட்டுப் போட்டதும், தணிகைநாதன் நழுவியதும், கூடமே எழுந்து நின்றதும் கண்ணுக்குள் ஓடின. வழியில் பார்த்தவர்களெல்லாம் கம்மிய குரலில் அதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்படியொரு சண்டை இதுவரை நடந்ததில்லை என்றாள் லூர்தம்மாள்.

ஜெசிந்தா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். "ஏலே சவரி, நேத்து பின்னிட்டியே!"

சவரி நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். ஊசி பூஜ்யத்தில் கிடந்தது.

"நேத்து சண்டயே நடக்கல எக்கா."

"வெளயாடாத. நான் பாத்தேன்."

"யாரு பாத்தா? கூடம் முழுக்கப் பார்வையாளு. ஒரு மனுசன் கெடையாது. நாங்க உக்காருமுன்னாடியே கைதட்டுனாங்க. நான் சண்ட போடாமலே தரையத் தட்டிட்டேன். தணிகை சாரு சட்டையை மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறமும் கைதட்டிக்கிட்டேதான் இருந்தாங்க." அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "அடுத்த ஞாயிறு நீ வந்து உக்காந்தா சண்ட. வரலன்னா கெடையாது. அழிக்கணும்னா அழிச்சுக்கோ."

ஜெசிந்தா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். தொண்டை கம்மியிருந்தது, ஒரு தடவைகூடக் கத்தாமலே.