இரண்டும் ஒன்றாக வராது

குழாய் சொட்டும் சத்தமும் கடிகார முள் நகரும் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. விடுமுறை நாள், வெயில் கொளுத்தும் பிற்பகல், ஆளில்லாத ஏழாவது மாடி அலுவலகம். படியேறிய மூச்சு அடங்காமல் அவன் தன் நாற்காலியில் உட்கார்ந்தபோது முதலில் கவனித்தது அதைத்தான். ஆறு வருடமாக அந்தக் குழாய் தன் போக்கில் சொட்டியது, அந்தக் கடிகாரம் தன் போக்கில் ஓடியது. ஒன்று முந்தும், மற்றது பிந்தும். இன்றைக்கு டிக் என்றால் அதிலேயே சொட்டு. வேறு யாராக இருந்தாலும் காதில் விழுந்திருக்காது. எது முதலில், எது பிறகு என்று பார்ப்பதுதானே அவனுக்குச் சோறு போடும் தொழில்!

லிஃப்ட் செய்யும் நிறுவனத்தில், லிஃப்டை இயக்கும் நிரலைச் சரிபார்ப்பவன் அவன். ஆள் ஏறும் பெட்டிக்கு ஒரு படம், கதவுக்கு ஒரு படம் வரைவான். வட்டங்கள் நிலைகள், அம்புகள் நிகழ்ச்சிகள். இரண்டும் தனித்தனியாக ஓடும், இடையிடையே செய்தி அனுப்பிக்கொள்ளும். அந்தச் செய்திகள் எந்தெந்த வரிசையில் வரக்கூடுமோ அத்தனை வரிசையையும், கோடிக்கணக்கில் இருந்தாலும், கணினி சளைக்காமல் நடத்திப் பார்க்கும். ஏதாவது ஒரு வரிசை 'பெட்டி இல்லை, கதவு திறந்திருக்கிறது' என்று முடிந்தால் அதைச் சிவப்பில் காட்டிவிடும்.

போன வருடம் காட்டியது. பெட்டி கிளம்பும் செய்தியும் பொத்தான் அழுத்திய செய்தியும் ஒரே கணத்தில் வந்தால் கதவு ஏமாந்து திறந்துகொள்ளும். சரிசெய்ய மூன்று மாதம் பிடிக்கும். மேலாளருக்கோ வெள்ளிக்கிழமைக்குள் அவன் கையெழுத்து வேண்டும். இந்த மகாராசன் என்ன செய்தான்? கணக்கின் தலையில் ஒரு வரி எழுதினான்: இரண்டும் ஒன்றாக வராது. அவ்வளவுதான். கணினி மறுபடி ஓடிக் குற்றமில்லை என்றது. முழுப் பூசணிக்காய் ஒரு வரிச் சோற்றுக்குள் மறைந்துபோனது.

அதைப் பற்றி விடாமல் கேட்டவர் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர்தான். எந்தச் சோப்புப் போட்டாலும் வாசனை போகாத கைகள். வலது கையில் மோதிர விரல் பாதிதான். எல்லோருக்கும் அவர் கிரீஸ் அண்ணன்.

"சார், நம்ம ஆபீஸ் லிஃப்ட்லயே ஏழாவது மாடிக் கதவு சும்மா திறந்துச்சு. பெட்டி மூணுல நிக்குது. ரெண்டு செய்தியும் ஒண்ணா வந்திருக்கும்."

"அண்ணே, காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதையெல்லாம் கணக்குல எழுத முடியுமா?"

"விழுந்தா அடியில நிக்கிறவன் நான்தானே சார்."

அவன் சிரித்துவிட்டான். இரண்டு வாரம் கழித்து, பையும் கையுமாக, அதே ஏழாவது மாடிக் கதவு வழியாகக் கிரீஸ் அண்ணன் காலை வைத்தார். பெட்டி மூன்றில் நின்றது. 'மெக்கானிக் தன்னிடமிருந்த சாவியால் கதவைத் தானே திறந்தார்' என்று அறிக்கை எழுதினான் இவன். நாளைக்கு விசாரணை. அந்தப் பழைய சிவப்பு விடை இன்னும் கணினியில் கிடந்தது. அதை அழிக்கத்தான் இந்த வெயிலில் வந்தான்.

கோப்பைத் தேடியெடுத்து அழிக்கும் பொத்தானை அழுத்தினான். வெளியே லிஃப்ட் மணி டிங் என்றது.

கோப்பு அப்படியே இருந்தது. மறுபடி அழுத்தினான். டிங். விரலை எடுத்துக்கொண்டான், சன்னலைப் பார்த்தான், எதையோ நினைப்பவன்போல் பாவனை செய்துவிட்டு, தனக்கே சொல்லாமல் திடீரென்று அழுத்தினான். டிங். மயிரிழை முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பதில் என்றால் பிறகுதானே வரவேண்டும்? இது கூடவே வந்தது.

எழுந்து லிஃப்ட் வரைக்கும் போனான். கதவு மூடியிருந்தது, மேலே மூன்று என்ற எண் எரிந்தது. எண்ணெயும் இரும்பும் கலந்த பழைய வாசனை, வெயிலில் சூடேறிய தரையிலிருந்து கிளம்புவதுபோல் கணுக்கால் அளவில் நின்றது. திரும்பி நடக்கும்போது தன் காலடிச் சத்தம் கனத்திருப்பதாகப் பட்டது. நின்றான், நின்றது. நடந்தான், நடந்தது. ஒரே சத்தம்தான். ஆனால் ஒரு ஆள் கனமில்லை அது.

மேசையில் கைபேசி அடித்தது. கிரீஸ் அண்ணனின் மனைவி.

"தம்பி, நாளைக்கு எல்லார் முன்னாடியும் தப்பு அவர் மேலன்னு எழுதிடுவாங்களாம். அப்பாவுக்கு வேலை தெரியாதாம்னு ஸ்கூல்ல சொன்னாங்கன்னு பொண்ணு அழறா. கணக்குப் பார்த்தது நீங்கதானே? ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அவராவா திறந்தாரு?"

டிக். கொஞ்சம் இடைவெளி. சொட்டு.

இரண்டும் பிரிந்துவிட்டன. அவன் நன்றாகக் கேட்டான். டிக், பிறகு சொட்டு. யாரோ கழுத்திலிருந்து கையை எடுத்ததுபோல் மூச்சு வந்தது. இல்லை அண்ணி, தப்பு என்னுடையது என்று சொல்ல வாய்வரை வந்தது. கையெழுத்து ஞாபகம் வந்தது. வேலை ஞாபகம் வந்தது. செத்தவருக்கு இனி என்ன பெயர் வந்தால் என்ன என்றுகூடத் தோன்றியது, பாவி.

"ஆமா அண்ணி. அவர்தான் திறந்தாரு."

"நான் திறக்கல."

இரண்டும் ஒன்றாக வந்தன. இரண்டும் அவன் தொண்டையிலிருந்து. நாக்கில் கிரீஸ் கசந்தது.



"தம்பி... பக்கத்துல யாரு?"

"யா... யாருமில்ல அண்ணி."

"அவர் குரல் எனக்குத் தெரியாதா? அவர்கிட்ட போனைக் குடுங்க."

கடிகாரம் நின்றது. குழாய் நின்றது. அவன் இடத்திலிருந்து நான்கு கதவுகள் தெரியும்: லிஃப்ட், படிக்கட்டு, கழிவறை, மேலாளர் அறை. நான்கும் திறந்தன. ஒரே கணத்தில்.

படிக்கட்டுக்கு ஓடினான். கதவு நிலையைப் பிடித்து நின்றதால் தப்பினான். படி இல்லை. இருட்டான குழி, நடுவில் இரும்புக் கயிறு. சற்றுமுன் ஏறிவந்த படி! கழிவறைக்கு ஓடினான். குழி. கயிறு. மேலாளர் அறையில் மேசை இல்லை, சன்னல் இல்லை, தரை இல்லை. கயிறு. அவன் வரைந்த படத்தில் கதவு என்றுதான் எழுதியிருந்தான். எந்தக் கதவு என்று எழுதவில்லை.

அலுவலகத்தின் நடுவுக்கு வந்து நின்றான். வெயில் மேசைமேல் அப்படியே விழுந்துகொண்டிருந்தது.

நான்கு கயிறுகளும் அதிர்ந்தன.

ஏறும் சத்தம். ஒரே சத்தம். நான்கு பக்கமும்.

"குடுங்க தம்பி" என்றது கைபேசி.

வாசனை இடுப்பளவு. மார்பளவு. கண் எரிந்தது. ஐந்தாவது மாடி. ஆறாவது.

சத்தம் நின்றது.

நான்கு வாசல்களிலும், கீழேயிருந்து, நான்கு வலது கைகள் ஒரே கணத்தில் எழுந்து தரையின் விளிம்பைப் பற்றின. கறுப்பாக, ஈரமாக. நான்கிலும் மோதிர விரல் பாதிதான். அதே கணத்தில், அவனைக் கேட்காமலே, அவன் கை கைபேசியை நீட்டியது.