சைபர் அழுத்தும் ஊர்

காலை பதினொன்று பத்துக்கு, ஒலியைவிட வேகமாகப் பறக்கும் சூப்பர்சானிக் விமானம் கருங்கல்மேட்டைக் கடக்கும். முழக்கம் விழும். ஓட்டு வீடுகள் ஒரு குலுங்கு குலுங்கும். கோழிகள் கட்டிலுக்கடியில் ஓடும். உடனே ஊர்க்காரர் நாற்பது பேர், தங்கள் மணிக்கட்டில் கட்டிய எதிர்வினைப் பட்டை அதிர்ந்ததும், அதில் ஓர் எண்ணை அழுத்துவார்கள். சைபர் என்றால் தொந்தரவில்லை. ஐந்து என்றால் தாங்க முடியவில்லை.

மூன்று மாதமாக நாற்பதும் சைபர். நாளையோடு விமானக் கம்பெனியின் இந்தச் சத்தச் சோதனை முடிகிறது. ஒரே நாளில் பத்துப் பேர் ஐந்து அழுத்தினால் விமானத்துக்கு அனுமதி கிடையாது. இல்லாவிட்டால் எந்த ஊரின் தலைக்கு மேலும் சூப்பர்சானிக் பறக்கலாம்.

பட்டைகளைச் சரிபார்ப்பவள் சங்கவி, அந்த ஊரின் முதல் பட்டதாரி. அவளுக்கு இந்தச் சைபர்கள் மேல் நம்பிக்கையே இல்லை.

"விமானத்தோட மூக்கை ஊசி மாதிரி நீட்டியிருக்கோம்மா. அதான் சத்தம் மெதுவா விழுது," என்றார் கம்பெனி அதிகாரி நிர்மல்.

"அது கோழிக்குத் தெரியலையே சார்?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் அப்பா வீரமலை முதுகைக் காட்டியபடி பீடி புகைத்துக்கொண்டிருந்தார். "என்னத்த வாங்கிட்டு எல்லாரும் சைபர் அழுத்துறீங்க?" என்று கத்தினாள். அவர் திரும்பவில்லை. அண்டாவைத் தள்ளி உருட்டினாள். அப்போதும் திரும்பவில்லை.

போனை அவர் எப்போதும் அம்மாவிடமே கொடுப்பது இப்போதுதான் உறைத்தது. பட்டியலை எடுத்தாள். நாற்பது பேரும் கல்குவாரியில் பாறை துளைப்பவர்கள்; அந்த நேரத்தில் துளைக்கருவியின் அதிர்விலேயே நிற்பவர்கள். போன வருடம் இலவசக் காது முகாமுக்குப் போனவர்கள். முகாமை நடத்தியது விமானக் கம்பெனி. பட்டை கட்ட ஆள் பொறுக்கியதும் அதே கம்பெனி.

எதிரே போய் நின்று, காது கேட்கிறதா என்று கேட்டாள். உதட்டைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டார்.

"எழுதிக் குடுத்துடாத புள்ள. வெடிக்கு முன்ன ஊதுற சங்கு கேக்காதுன்னு தெரிஞ்சா குவாரிக்குள்ள விடமாட்டான்."

"ஊரு ஊரா இந்த முழக்கம் விழட்டுங்கிறியா?"

அவர் பீடியை அணைத்துவிட்டு எழுந்துபோனார்.

மறுநாள் நாற்பது வீட்டிலும் விளிம்புவரை தண்ணீர் நிரம்பிய டம்ளர் இருந்தது. "பதினொண்ணு பத்துக்கு வீட்டுலயே இருங்க. காது வேணாம், இதப் பாருங்க. பாத்தத அழுத்துங்க," என்று வீடு வீடாகச் சொல்லியிருந்தாள்.

பதினொன்று பத்து. தண்ணீர் துள்ளித் தரையில் சிந்தியது. சுவரிலிருந்து காரை உதிர்ந்தது. வீரமலை சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"தினமுமா புள்ள?"

அவள் தலையசைத்தாள். அவர் ஐந்தை அழுத்தினார். பட்டை பதிந்துகொண்ட பிறகும் விரலை எடுக்கவில்லை.