தட்டிப் பார்த்த கடிதம்

செல்லக்கனியின் கடிதத்துக்கு அன்று காலையும் 'துணைவன்' நூற்றுக்கு நூறு போட்டது. மணிக்கட்டுப் பட்டைக்குள் பேசும் அந்தப் பொறியின் அதே தேன்குரல்: "அருமை! உங்கள் எழுத்து மனதைத் தொடுகிறது." இப்படி நூறு வாங்கிய நான்கு கடிதங்கள் போன வேகத்தில் திரும்பி வந்திருந்தன.

தூத்துக்குடிக் கடற்சுவரில் பதினெட்டு வருஷமாகக் கல் சுமக்கிறவள் அவள். மூட்டு தேய்ந்துவிட்டது, இன்னொரு மழைக்காலம் தாங்காது. சுவர்க் கண்காணிப்பாளர் வேலை காலியாக இருந்தது. விண்ணப்பத்தோடு சொந்தக் கையால் ஒரு கடிதம் எழுத வேண்டும். நாற்பத்தாறு வயதில் எழுத்துக்கூட்டப் படித்தவளுக்கு அது மலையைப் புரட்டுகிற காரியம்.

எங்கே பிசகு என்று சொல்லத்தான் ஆளில்லை. நோகாமைச் சட்டம் வந்து இருபத்தைந்து வருஷம். பொறியோ மனிதரோ, ஒருவர் மனம் நோகப் பேசினால், நொந்தவர் கையிலுள்ள பட்டை நாடியைப் பிடித்துப் புகார் எழுதிவிடும். பக்கத்து வீட்டு டீச்சரிடம் காட்டினாள். "சூப்பர்க்கா" என்று சிரித்துக் கதவைச் சாத்திக்கொண்டாள் அந்தப் பெண்.

'சரியில்லை' என்று சொல்லியே சம்பளம் வாங்குகிறவன் ஊரில் ஒருவன்தான்: கல் தட்டுகிற ஞானதுரை. சுத்தியலால் ஒரு தட்டு. கணீரென்றால் சுவருக்கு, மொத்தென்றால் உள்ளே விரிசல், ஓரமாகக் கிட. கடலுக்கு முகத்தாட்சணியம் தெரியாது என்பதால் சட்டம் கல்லை மட்டும் விட்டுவைத்திருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் கடிதத்தை அவனிடம் நீட்டினாள். "அண்ணாச்சி, இதையும் தட்டிப் பாருங்க."

"கல்லத் தட்டலாம். ஆளத் தட்டுனா என் சோத்துல மண்ணுல்லா விழும்?"

"நாந்தான கேக்கேன்."

அவன் வாங்கிப் படித்தான். "'அர்ப்பணிப்பு மிக்கவள்.' மொத்து. 'சவால்களை விரும்புபவள்.' யாரு, நீயா? கல்லேத்துத லிஃப்டு நின்னா அன்னைக்குப் பூரா எங்க உசிர எடுக்கவ! ஏ தாயி, ஊரே எழுதுனத நீயும் எழுதி வச்சிருக்க. இதுல நீ எங்க இருக்க?"

ஒன்பது நாள் எழுதியது. அவள் முகம் சுண்டிப்போயிற்று. "வேற எனக்கு என்ன தெரியும்? பதினாலாம் தூணுகிட்ட மணல் கரையுதுன்னா மணல் அளக்குத மிஷினுக்கு ரெண்டு நாள் முந்தி என் பாதத்துக்குத் தெரியும். மூணு தடவ மேஸ்திரிட்டச் சொல்லி அடைக்க வச்சேன். அதெல்லாம் எழுத்துல போடுத சங்கதியா?"

"கணீர்ங்குது. இத ஏன்ளா எழுதல?"

பட்டை சிவந்தது. "உங்கள் நாடி உயர்ந்திருக்கிறது. எதிரில் இருப்பவர் உங்களைப் புண்படுத்தினாரா? பத்து எண்ணுவதற்குள் பதில் இல்லையென்றால் புகார் பதிவாகும்."

ஞானதுரை கையிலிருந்த கவளம் அப்படியே நின்றது. இல்லை என்று பொய் சொல்ல முடியாது; நாடி காட்டிக்கொடுத்துவிடும்.

"நொந்துச்சு," என்றாள் செல்லக்கனி. "நான் கேட்டு வாங்கினது. இன்னும் கேப்பேன். புகார் வேண்டாம்."

அப்படியொரு பதிலைப் பட்டை அறியாது. கொஞ்ச நேரம் மினுங்கிவிட்டு அணைந்தது.

தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் தன் பாதத்தைப் பற்றி நாலு வரி எழுதி நீட்டினாள். ஞானதுரை அவள் மணிக்கட்டைப் பார்க்காமலே படித்தான்.

"மூணாவது வரி மொத்து," என்றான்.

அவள் சிரித்துக்கொண்டே அதை அடித்தாள்.