இரவல் அறையில் ஒரு சக்கர நாற்காலி

“ஐயோ... கால்! என் கால்!”

சக்கர நாற்காலியைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். வாசலில் ஒருவன் கை நிறையக் குடைகளோடு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான். வெளியே கொட்டோ கொட்டென்று மழை. அவன் முடியிலிருந்து வழிந்த நீர் மூக்கு நுனியில் வந்து நின்றது... துடைத்துக்கொள்ளக் கை காலியில்லை.

“கண்ணு தெரியலையா உங்களுக்கு?” என்றாள், தப்பு தன்மேல்தான் என்று தெரிந்தே.

“தெரியுதே... ரொம்ப நல்லாவே தெரியுது,” என்றவன் அவளையே பார்த்தான்.

அவள் கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிப்பவள். நாளுக்கு நாற்பது ஜோடிக் கண்களை விளக்கடித்துப் பார்க்கிறவள். எந்தக் கண்ணும் இதுவரை அவளைத் தலைகுனிய வைத்ததில்லை. இந்தக் கண்கள்... சே, என்ன இது!

அது அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருந்த இரவல் அறை. அறுபது வீடு உள்ள ஒரே கட்டடத்துக்கு எதற்கு அறுபது ஏணி என்று யாரோ ஒருநாள் கேட்டதில் பிறந்தது. ஏணி, பயணப்பெட்டி, தையல் மெஷின், குழந்தைக் கட்டில்... வேண்டியவர்கள் எடுத்துப் போவார்கள், வேலை முடிந்ததும் கொண்டுவந்து வைப்பார்கள். லிஃப்ட் மெக்கானிக்கான அவன்தான் சனிக்கிழமைகளில் அதைக் கவனித்துக்கொண்டான்.

“நாற்காலி போன வாரம்தானே போச்சு? அதுக்குள்ள வேண்டாமா?”

“அப்பா உட்கார மாட்டேங்கிறார்,” என்றாள். “இடுப்பு எலும்பு முறிஞ்சு மூணு மாசமா ஜன்னல்தான் அவருக்கு உலகம். வெளியே கூட்டிட்டுப் போகலாம்னு ஆசையா கொண்டுபோனேன்... ‘அடுத்தவன் உட்கார்ந்து தேஞ்சதுல நான் உட்காரணுமா?’ங்கிறார். புதுசு வாங்கினா, அவர் நடக்க ஆரம்பிச்சதும் அது பரண்லதான் தூங்கும்.”

“நான் வந்து ஒரு வார்த்தை பேசிப் பார்க்கட்டுமா?”

“கடிச்சுக் குதறிடுவார்!”

“லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்ககிட்ட திட்டு வாங்கியே வளர்ந்தவன்ங்க நான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாளாயிற்று சிரித்து...

அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். யாரிடமும் எதற்கும் கை நீட்டாத மனுஷர். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஓசிச் சாமானைத் தலையில கட்ட வீட்டுக்கே ஆள் வருதா? எடுத்துட்டுப் போ தம்பி.”

அவள் முகம் சுண்டிப்போயிற்று. அவனுக்கும் சுருக்கென்றுதான் இருந்திருக்கும். நாற்காலியை மடக்கினான். வாசல்வரை போனவன், அலமாரியின் மேலிருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு நின்றான்.

“சார்... அது டிரில்லிங் மெஷினா?”

“ஆமா. கடிகாரம் மாட்ட ஒரே ஒரு ஓட்டை போட்டேன். அதோட சரி.”

“எங்ககிட்ட இருந்தது புகைஞ்சு போச்சு. மூணாவது மாடியில கைக்குழந்தையோட புதுசா வந்திருக்காங்க. ஜன்னலுக்குத் திரை மாட்ட முடியாம, மழை விட்டா வெயில் மூஞ்சியில அடிச்சுக் குழந்தை தூங்கவே மாட்டேங்குது. ரெண்டு நாளைக்கு... இரவல் தருவீங்களா?”

அப்பாவின் பார்வை அந்தப் பெட்டிக்குப் போனது. மூன்று மாதமாக வந்தவர்கள் எல்லோரும் அவருக்கு ஏதாவது கொடுக்கத்தான் வந்தார்கள். பழம், மருந்து, பரிதாபம். அவரிடம் ஒன்று கேட்டு யாரும் வரவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பாவின் தோள்கள் மெல்ல நிமிர்ந்தன.

“ஈரச் சுவர்ல போட்டுடாதே. ஷாக் அடிக்கும்,” என்றார்.

இரண்டாம் நாள் டிரில் துடைத்துத் துலக்கிய மாதிரி திரும்பி வந்தது. கூடவே, தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்றாவது மாடிப் பெண்ணும் வந்தாள். “தாத்தாவுக்குத் தாங்க்ஸ் சொல்லு செல்லம்...” என்று அதன் பிஞ்சுக் கையை எடுத்து அவர் விரல்மேல் வைத்தாள். அப்பா விரலை அசைக்காமல் வைத்திருந்தார்.

அவர்கள் போன பிறகு அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார். “அந்த நாற்காலி... இன்னும் அங்கதான் இருக்கா?”

“இருக்குப்பா.”

“கொண்டு வா. நானும் குடுக்கிறேன்... நானும் வாங்கிக்கிறேன். அவ்வளவுதானே!”

சனிக்கிழமை. மூன்று மாதத்துக்குப் பிறகு அப்பா வெளியே மரத்தடியில் நாற்காலியில் உட்கார்ந்து, காரைக் கோணலாக நிறுத்திய ஒருவரை உரிமையோடு அதட்டிக்கொண்டிருந்தார். இலைகளிலிருந்து சொட்டிய மழைத்துளி அவர் நெற்றியில் விழுந்தது... அவர் துடைக்கவேயில்லை.

இரவல் அறை ஜன்னல் வழியாக அதைப் பார்த்த அவளுக்குக் கண் நிறைந்தது. பக்கத்தில் அவன்.

“நன்றி சொல்லத்தான் வந்தேன்...” என்று ஆரம்பித்தாள். “ஆனா... சனிக்கிழமைக்காக ஆறு நாள் காத்திருக்க என்னால முடியல. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”

அவன் முகம் மலர்ந்தது. அடுத்த கணமே வாடியது.

“அப்பாவுக்கு ஏதோ செஞ்சேன்... அந்த நன்றியில சொல்றீங்களா? அப்படின்னா வேண்டாங்க. பதிலுக்கு ஒண்ணை எதிர்பார்த்து நான் வரல.”

ரோஷக்காரன்! அவளுக்குக் கோபம்கூட வந்தது. அவன் கண்களை நேராகப் பார்த்தாள். இந்த முறை தலை குனியவில்லை.

“நன்றின்னா ஒரு தடவை சொன்னாத் தீர்ந்துடும்ங்க. இது... எத்தனை தடவை சொன்னாலும் தீராது போல இருக்கே. நான் என்ன பண்ணட்டும்?”

அவன் உதடுகள் நடுங்கின. வெட்கமா, அழுகையா... இரண்டும்தான்.

“தீர வேண்டாம்,” என்றான் மெதுவாக. “எனக்கும் தீரல.”