சலோமி வீட்டுத் தூசி

பூங்கனி காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தன்னைக் கூட்டி அள்ளிவிடுவாள்.

படுத்திருந்த பாயை உள்பக்கமாகச் சுருட்டிக் கொல்லைக்குக் கொண்டுபோய், ஒரு பைக்குள் வைத்து உதறுவாள். தலையணையில் ஒட்டிய முடிகளைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஒவ்வொன்றாகப் பொறுக்குவாள். பிறகு இடுப்பில் தன்னுறிஞ்சியைக் கட்டிக்கொண்டு, முந்தின நாள் நடந்த இடமெல்லாம் மறுபடி நடப்பாள். உள்ளங்கை அளவுள்ள அந்தக் கருவிக்கு அவளுடைய டிஎன்ஏ மட்டும்தான் தெரியும். அவள் தோலிலிருந்து உதிர்ந்தது, அவள் தும்மலில் தெறித்தது என்று தேடித்தேடி உறிஞ்சிக்கொள்ளும். பக்கத்திலேயே கிடக்கும் வீட்டுக்காரியின் தூசியை மட்டும் மரியாதையாக விட்டுவிட்டுப் போய்விடும்.

வீட்டுக்காரி சலோமி நார்வேயில் இருந்தாள். அவளுடைய தூசி தூத்துக்குடியில் இருந்தது. சோபாவின் கைப்பிடியில், புத்தக அலமாரியில், கட்டிலுக்கு அடியில், சன்னல் விளிம்பில் என்று வீடு முழுக்க அதன் ராஜ்ஜியம்தான். அதை யாரும் துடைக்கக் கூடாது. ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனையே அதுதான்: காப்பாளர் தன்னைச் சுத்தம் செய்ய வேண்டும், வீட்டைச் சுத்தம் செய்யக் கூடாது.

மாதம் ஒருமுறை நார்வேயிலிருந்து ஒரு பொட்டலம் வரும். சலோமியின் சீப்பில் சிக்கிய முடி, வெட்டிய நகம், குதிகாலில் தேய்த்த தோல், தலையணை உறையைத் தட்டிச் சேர்த்த பொடி எல்லாம் அதில் இருக்கும். பூங்கனி அதைப் பிரித்து, கோலமாவு எடுப்பதைப் போல இரண்டு விரலால் எடுத்து அறைக்கு அறை தூவுவாள். அப்போதெல்லாம் தன் பிழைப்பை நினைத்து அவளுக்கே சிரிப்பு வரும். மற்ற வேலைக்காரிகளுக்கு வீடு கூட்டச் சம்பளம், இவளுக்குக் குப்பை போடச் சம்பளம்.

எல்லாம் வாழ்தடச் சட்டம் செய்த வேலை. வெயில் தாங்காமல் வசதியுள்ளவர்கள் வடக்கே குளிர்நாடுகளுக்குக் குடிபெயர்ந்த காலத்தில், தெருத்தெருவாக வீடுகள் பூட்டிக் கிடந்தன. பூட்டிய கதவுகளின் நிழலில் வீடில்லாதவர்கள் சுருண்டு படுத்துக் கிடந்தார்கள். கடைசியில் அரசாங்கம் ஒரு முடிவுக்கு வந்தது. பத்திரம் யாரிடம் இருந்தால் என்ன, ஒரு வீட்டில் யாருடைய உயிர்த்தடம் நிறைந்திருக்கிறதோ அவர்களுக்கே வீடு. யாருடைய தடமும் போதாவிட்டால் அது ஆளில்லா வீடு, குலுக்கலில் வேறு யாருக்காவது போய்விடும். ஆண்டுக்கொரு முறை ஆய்வாளர் தடமானியோடு வந்து அளந்துவிட்டுப் போவார்.

நல்ல சட்டம்தான். ஆனால் சட்டம் ஒரு வாசலை அடைத்தால் மனிதர்கள் கொல்லைப்புறமாக வந்துவிடுவார்கள் இல்லையா? வாடகைக்கு விட்டால் குடியிருப்பவர் தடம் ஏறிவிடும். அதனால், குடியிருந்தும் குடியிருக்காத ஆட்கள் தேவைப்பட்டார்கள். அப்படித்தான் காப்பாளர் என்றொரு தொழில் வந்தது. தடத்தை வேண்டுமென்றே விட்டுவைக்கும் காப்பாளருக்குத் தடத்திருடி என்று பெயர். காப்பாளர் பேட்ஜைப் பிடுங்கிவிடுவார்கள், அதன்பிறகு எந்த வீட்டு வாசலிலும் நிற்க முடியாது.

பூங்கனி அந்தப் பழிக்கு ஆளாகாமல், வேலைக்குச் சேர்ந்த வாரம் நடந்ததையும் சேர்த்து நான்கு ஆய்வுகளைத் தாண்டிவிட்டாள். ஐந்தாவதையும் தாண்டினால் காப்பாளர் குடியிருப்பில் ஓர் அறை கிடைக்கும், சொந்தமாக. அந்த அறையில் மகள் நித்திலாவோடு படுக்கலாம். எட்டு வயது நித்திலா நான்கு வயது வரைக்கும் அம்மாவோடு படுத்ததுதான், இப்போது அரசு விடுதியில் இருந்தாள். காப்பாளர்கள் பிள்ளைகளை வீட்டுக்குள் கூட்டி வரக் கூடாது. ஓடி விழுந்து புரண்டு அழுகிற பிள்ளைகளைப் போலத் தடம் விடுகிறவர்கள் யாரும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குப் போய் மகளைக் கட்டிக்கொண்டு வந்தாலும், பூங்கனி தெருக்குழாயடியில் தலைக்குக் குளித்து, உடம்பை மூடும் மேலுறையை மாட்டிய பிறகுதான் வீட்டுக்குள் காலை வைப்பாள்.

ஐந்தாவது ஆய்வு மறுநாள் காலையில். அதற்கு நேரில் வருவதாகச் சலோமி சொல்லியிருந்தாள். நான்கு வருடம் கழித்து வருகிறவளுக்கு வாய்க்கு ருசியாக ஏதாவது ஆக்கிவைப்போமே என்று பூங்கனி தொட்டியில் வளர்த்த மீன் வாங்கச் சந்தைக்குப் போனாள். நல்ல வஞ்சிரத் துண்டாகப் பார்த்துப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

தெருமுனையிலேயே பினாயில் வாசனை அடித்தது.

வாசல்படி ஈரமாக இருந்தது. கதவு திறந்து கிடந்தது. உள்ளே கூடத்துத் தரை, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளவென்று இருந்தது. சோபாவில் தூசி இல்லை. அலமாரியில் தூசி இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் ஈரத்துணியோடு, வியர்வை வழிய ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். திரையில் மட்டுமே பார்த்த முகம்.

"வந்துட்டியா பூங்கனி?" என்று சிரித்தாள் சலோமி. "ஒரு நாள் முன்னாடியே விமானம் கெடைச்சிது. நீ தந்த கதவு எண் வேலை செஞ்சிது."

பூங்கனியின் கையிலிருந்த மீன் பை கீழே விழுந்தது. "என்னக்கா செஞ்சி வச்சிருக்கீய?"

"கூட்டித் தொடச்சேன். எம்மாடி, எவ்வளவு..." என்று தொடங்கிய சலோமி பாதியில் நின்றாள். கையிலிருந்த துணியைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வடிந்துபோனது. சட்டம் அவளுக்குத் தெரியாததா? மாதா மாதம் நகம் வெட்டி அனுப்பியவள் அவள்தானே. ஆனால் பிறந்து வளர்ந்த வீட்டுக்குள் நுழைந்ததும் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த துடைப்பம் கண்ணில் பட்டிருக்கிறது. கை அதன்பாட்டுக்கு எடுத்துவிட்டது. வெகுநாள் கழித்து வீட்டுக்கு வருகிற எந்தப் பெண்தான் அந்தத் தூசிக்கு நடுவில் சும்மா உட்கார்ந்திருப்பாள்?

"குப்பை எங்கக்கா?"

"வண்டி வந்திச்சி. அதுல..."

பூங்கனி தெருவுக்கு ஓடினாள். ஆளில்லாத குப்பை வண்டி அடுத்த தெருவின் கடைசியில் நின்று, தான் தின்றதையெல்லாம் அரைத்துக் கட்டியாக்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கவாட்டில் கையால் ஓங்கி ஓங்கி அறைந்தாள். "தயவுசெய்து விலகி நிற்கவும்" என்று வண்டி பணிவாகச் சொல்லிவிட்டு நகர்ந்தது. நான்கு வருடமாகப் பொத்திப் பொத்திக் காத்த தூசி அதோடு போயிற்று.

திரும்பி வந்து வாசல்படியில் உட்கார்ந்து அழுதாள். தலையைக் குனிந்து அழும்போதும், கண்ணீர் தரையில் விழுந்துவிடாமல் மேலுறையின் கையில் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டாள். அதைப் பார்த்த சலோமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ இப்படித்தான் இருக்கியா, நாலு வருசமா?"

"எல்லாரும் இப்படித்தானக்கா."

"நான் மட்டும் என்ன? தலை சீவணும்னா மடியில ஒரு உறைய விரிச்சிக்கிட்டு உக்காருதேன். என் சின்னப்பய என் தலையணையில வந்து படுத்தா அடிச்சி வெரட்டுதேன், அவன் முடி கலந்திரும்னு. பெத்த பிள்ளைய." சலோமி எட்டிப் பூங்கனியின் தோளைத் தொட்டாள். "அழாத. நாளைக்குக் காலை வரைக்கும் நேரம் இருக்கு. நாம ரெண்டு பேரும் இந்த வீட்டுல நல்லாப் புழங்குவோம். தடம் வந்திரும்."

"ரெண்டு பேர் ஒரு நாள் இருந்தா காணாதுக்கா. கீழெல்லைக்குக்கூட வராது. ஆளில்லா வீடுன்னு எழுதிருவாவ. எம் பேட்ஜும் போயிரும்."

"அப்ப வேற யாரையாவது கூப்பிடு. ஒனக்கு யாரு இருக்கா?"

பூங்கனி விழுந்து கிடந்த மீன் பையை எட்டி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சலோமி விடவில்லை. கடைசியில் மகளின் பெயரைச் சொல்ல வேண்டியதாயிற்று. சொன்ன கையோடு, "அது மட்டும் வேண்டாம்க்கா. அது தடத்திருட்டு" என்றாள்.

"நானே சொல்லுதேன்ல, கூட்டிட்டு வான்னு?"

"இன்னைக்குச் சொல்லுவீய. நாளைக்கு ஆய்வுக்கு வாற ஆளு மூஞ்சிக்கு நேரா கேக்கும்போது மனசு மாறிட்டா? எங்கூட காப்பாளரா இருந்த வேலம்மாவுக்கு அப்படித்தான் ஆச்சி. காய்ச்சலா கெடந்தவள, உறையக் கழட்டிட்டுப் படுன்னு சொன்னதே அந்த வீட்டம்மாதான். ஆய்வு அன்னைக்கு, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுட்டா."

சலோமி சத்தியம் செய்திருக்கலாம், செய்யவில்லை. அதுவே பூங்கனிக்குப் பிடித்திருந்தது. அவள் யோசித்துப் பார்த்தாள். வீடு இப்படியே இருந்தாலும் பேட்ஜ் போகும், பிள்ளையைக் கூட்டி வந்தாலும் போகலாம். எப்படியும் போகப்போகிறதை வைத்துக்கொண்டு ஒரே ஒரு நாளாவது மகள் பக்கத்தில் இருக்கட்டுமே. இந்த நினைப்பு வந்ததும் அவள் எழுந்துவிட்டாள்.

சாயங்காலம் வெயில் தணிந்ததும் விடுதியிலிருந்து அம்மாவோடு நித்திலா வந்தாள். தெருக்கதவு வரைக்கும் துள்ளிக்கொண்டு வந்தவள், வாசல்படிக்கு முன்னால் சட்டென்று நின்றுகொண்டாள். செருப்பைக் கழற்றினாள், ஆனால் காலை எடுத்து வைக்கவில்லை. இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கேட்டாள்:

"எனக்கு மேலுறை எங்கம்மா?"

 பூங்கனி குனிந்து மகளின் செருப்பை ஓரமாக எடுத்து வைத்தாள். சலோமிதான் இறங்கிப்போய்ப் பிள்ளையை அப்படியே தூக்கிக் கூடத்தின் நடுவில் கொண்டுவந்து விட்டாள். "ஒனக்கு உறையெல்லாம் கெடையாது. ஓடு. எங்க வேணும்னாலும் ஓடு."

முதலில் நித்திலா நடந்தாள். பிறகு அறைக்கு அறை ஓடினாள். கட்டிலில் ஏறிக் குதித்தாள், சோபாவில் தலைகீழாகத் தொங்கினாள், வழவழத்த தரையில் வழுக்கி விழுந்து வாய்விட்டு அழுதாள். பூங்கனி மேலுறையைக் கழற்றிக் கொல்லையில் போட்டுவிட்டு வந்து மீனைக் குழம்பு வைத்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டு அந்த வீட்டில் அவள் அடுப்படியில் நின்றது அன்றைக்குத்தான். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சிந்திய சோற்றை யாரும் பொறுக்கவில்லை. பிறகு ஒரே பாயில் நெருக்கியடித்துப் படுத்துக்கொண்டார்கள். நித்திலா அம்மாவின் மேல் ஒரு காலும், முன்பின் தெரியாத சலோமியின் மேல் ஒரு காலும் போட்டுக்கொண்டு தூங்கிப்போனாள்.

காலையில் தட ஆய்வாளர் ஞானதிரவியம் வந்தார். இந்த வேலையில் தலை நரைத்தவர், எதைக் கண்டும் ஆச்சரியப்படாதவர். தடமானியைத் தரையோடு ஒட்டிப் பிடித்து அறை அறையாக நடந்தார். கூடத்துக்கு வந்தபோது புருவத்தை உயர்த்தினார்.

"வீட்டுக்காரங்க தடம் கொஞ்சம். காப்பாளர் தடம் கொஞ்சம். பாதிக்கு மேல ஒரு சின்னப் பிள்ளையோடது."

கதவோரம் நின்ற நித்திலா அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய்விட்டாள்.

ஞானதிரவியம் சலோமியிடம் திரும்பினார். "உங்க சம்மதத்தோட நடந்ததுன்னா மூணு பேர் மேலயும் கூட்டு வாழ்விடம்னு பதியணும். அதுக்குப் பிறகு நீங்க நினைச்சாலும் வீடு உங்களுக்கு மட்டும்னு ஆகாது. உங்களைக் கேக்காம நடந்ததுன்னா தடத்திருட்டு. வீடு உங்களுக்கே திரும்பும், மறு ஆய்வுக்கு அவகாசமும் தருவோம். எதுன்னு சொல்லுங்க."

சலோமி சுவரைப் பார்த்தாள், மேலே ஓட்டுக்கூரையைப் பார்த்தாள். என்ன இருந்தாலும் பிறந்த வீடு. ஒரு நாள் நல்ல மனதுக்காக அதை விட்டுக்கொடுப்பது லேசான காரியமா? பூங்கனிக்கு அது புரிந்தது. வேலம்மாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. மறுத்துச் சொன்னால்கூட இவளைச் சபிக்கக் கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் சேலைக்குப் பின்னாலிருந்த பிள்ளையின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன்னு கேக்கட்டுமா சார்?" என்றாள் சலோமி. "நான் எப்ப வேணும்னாலும் வந்து இருக்கலாமா?"

"வீடு உங்களுக்கும்தானம்மா. வரலாம். என்ன, வரும்போது இவங்க இருப்பாங்க."

"இருக்கட்டும். நேத்துதான் சார், பக்கத்துல படுத்த பிள்ளைய வெரட்டாம தூங்குனேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சம்மதம்னு போடுங்க."

பூங்கனி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.  ஞானதிரவியம் அவளுடைய பேட்ஜைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சொந்த வீட்டில் இருப்பவளுக்குக் காப்பாளர் பேட்ஜ் எதற்கு?

அவர் போன பிறகு சலோமி குளித்துவிட்டு வந்து, கூடத்தில் சன்னல் பக்கமாக உட்கார்ந்து தலை சீவத் தொடங்கினாள். சீப்பை எடுப்பதற்கு முன்னால், பழக்கதோஷத்தில் பையைத் துழாவி ஓர் உறையை எடுத்து மடியில் விரித்துக்கொண்டாள். நித்திலா அதை வேடிக்கை பார்த்தாள். அடுப்படியிலிருந்து வந்த பூங்கனி, குனிந்து அந்த உறையை மெதுவாக உருவி எடுத்தாள்.

"தரையில விழுந்தா விழட்டும்க்கா. பெறகு நான் கூட்டிக்கிடுதேன்."