அடிப்புள்ளி குறைகிறது

ஐந்தாம் நாள் காலையிலும் எண் கீழேதான் இறங்கியிருந்தது.

ஹேரான் லென்ஸிலிருந்து கண்ணை எடுத்து, இமையில் உறைந்த ஈரத்தைக் கையுறையால் துடைத்துவிட்டு மறுபடி குனிந்து பார்த்தாள். அதே எண். இந்த ஈர்ப்புமானியைப் பதினோரு வருடமாக அவள்தான் கையாள்கிறாள். அதன் வயிற்றுக்குள் ஒரு சுருள்வில், வில்லின் நுனியில் ஒரு சிறு எடை தாங்கிய மெல்லிய கம்பி, அவ்வளவுதான். தரைக்கடியில் பாறை அடர்ந்திருந்தால் அந்த எடை மயிரிழை கூடுதலாக இழுபடும். வெற்றிடம் இருந்தால் மயிரிழை குறையும். சுருள் பழையதாக ஆக, ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தாலும் எண் நாள்பட நகர்ந்துகொண்டே போகும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் நழுவல். இந்தக் கருவி பதினோரு வருடமும் மேல்நோக்கித்தான் நழுவியிருக்கிறது. இந்த வாரம் மட்டும் கீழ்நோக்கி.

"எவ்வளவுக்கா?" என்று கேட்டான் மான்சு. அளவைக் குழுவின் தலைவன் அவன்; நாற்பத்தைந்து வயது, பெரிய உடம்பு. பென்சிலைத் தொப்பிக்குள் செருகி வைத்திருப்பான்.

"நேத்து சாயங்காலத்தை விடப் பதினெட்டு கம்மி."

"கருவிக்கும் வயசாயிடுச்சு. ஏறணுமா இறங்கணுமான்னு தெரியாம முழிக்குது. நழுவல்னு போட்டுக்கறேன்."

"இறங்கறது நழுவல் இல்ல மான்சு."

"வேற என்னன்னு எழுதறது, சொல்லு."

அவள் எண்ணைக் குறித்துக்கொண்டாள். வேலை முறை அப்படித்தான். காலையில், அடிப்புள்ளி என்று தேர்ந்துகொண்ட ஓர் இடத்தில், முதல் அளவு எடுப்பார்கள். பிறகு சரிவெங்கும் அடையாளத்துக்கு அடித்த முளைக்குச்சிகளில் ஒவ்வொன்றாக அளந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அடிப்புள்ளிக்குத் திரும்பி வருவார்கள். அங்கே எண் மாறியிருந்தால் மாறியது கருவிதான், தரை அல்ல என்று எடுத்துக்கொண்டு, அந்த வித்தியாசத்தை எல்லா முளைகளிலிருந்தும் நீக்கிவிடுவார்கள். அடிப்புள்ளி அசையாது. அந்த நம்பிக்கையில்தான் மற்ற எல்லாக் கணக்கும் நிற்கிறது.

அடிப்புள்ளியைத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான். மூன்றாம் சுரங்கத்தின் மூடிய வாய்க்கு எதிரே, ஒன்பது பெயர்கள் வெட்டிய நினைவுக்கல்லின் சிமென்ட் மேடை. கெட்டியான தளம், லாரி வரும் பாதைக்குப் பக்கம் என்று மான்சுவிடம் காரணம் சொன்னாள். நான்காவது பெயர் தூஷிக் என்பதும், வேலை சாக்கில் நாளுக்கு நான்கு முறை கணவனிடம் வந்து போகலாம் என்பதும் அவள் சொல்லாத காரணங்கள். மான்சு அந்தப் பெயர்களைப் படித்திருந்தான். கேட்கவில்லை.

சுரங்கம் இடிந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. பாதை முழுவதும் நொறுங்கி இறுகிவிட்டது, கீழே ஒரு கை நுழையவும் இடமில்லை, ஒன்பது பேரும் அந்தக் கணமே போய்விட்டார்கள் என்று சுரங்க நிர்வாகம் எழுதியது. மூன்றாம் நாள் தேடலை நிறுத்தினார்கள். ஒன்பது மனைவிகளும் அந்தத் தாளில் கையெழுத்துக்குப் பதிலாகப் பெயர் முத்திரை குத்தினார்கள். ஹேரானுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. முத்திரை குத்திய கையோடு அளவை அலுவலகத்தில் கண்ணாடி துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். எண்களைப் படிக்கக் கற்றாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே வரி. கீழே வெற்றிடம் இருக்கிறது என்று ஒரு வரி. ஓர் அறை அளவு இடம் இருந்தால் போதும், அவர்கள் அதில் உட்கார்ந்து காத்திருந்தார்கள் என்று ஆகும். மூன்றாம் நாள் மேலே சத்தம் நின்றதைக் கேட்டார்கள் என்று ஆகும்.

நாளை அறிக்கை போக வேண்டும். அதன் பிறகு சுரங்க வாயில் கான்கிரீட் ஊற்றி, பனிச்சறுக்கு விடுதிக்கு அடித்தளம் போடுவார்கள். நூற்று நாற்பது முளைகளின் வரைபடம் பலகைபோல் சமமாக வந்திருந்தது. குறைவே இல்லை. எங்கும்.

பத்து மணிக்கு அவள் கருவியை லாரியில் ஏற்றி, ரயில் பாலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னாள். பாலத்தின் தூண் கருங்கல்லில் ஊன்றியது. அதனடியில் யாரும் எந்நாளும் தோண்டியதில்லை. அங்கே ஓர் அளவு. இரண்டு மணி நேரம் லாரியிலேயே உட்கார்ந்து, மான்சு கொண்டுவந்திருந்த முள்ளங்கிக் கிம்சி ஊறுகாயையும் ஆறிய சோற்றையும் தின்றுவிட்டு மறுபடி ஓர் அளவு. இரண்டும் ஒன்றே. கடைசி இலக்கம் வரை.

மான்சு மெல்லுவதை நிறுத்தினான். "அப்ப கருவி நழுவவே இல்ல."

"இல்ல."

"அடிப்புள்ளி…"

"அதுதான் குறையுது."

அவன் குறிப்பேட்டைப் பிரித்து ஐந்து நாள் கணக்கையும் விரலால் கீழிருந்து மேலே தடவினான். அடிப்புள்ளியில் குறைந்த அளவே எல்லா முளைகளிலும் குறைந்திருந்தது. அதனால்தான் கணக்கில் அது தெரியாமல் போனது. நழுவல் என்று பெயர் வைத்து ஐந்து நாளாக அவள் நீக்கிக்கொண்டிருந்தது எதை என்று அவளுக்குப் புரிந்தது. ஒரு வெற்றிடத்தை. சரிவில் அவள் கருவியை எங்கே வைத்தாளோ அங்கெல்லாம் அடியில் இருந்த ஒரு வெற்றிடத்தை.

மதியத்துக்கு மேல் மேகம் சரிவில் இறங்கிவிட்டது. முழுக் கணக்கையும் திரும்பப் போட மான்சு கொட்டகைக்குப் போய்விட, அவள் தனியாகச் சிமென்ட் மேடைமேல் மண்டியிட்டு உட்கார்ந்தாள். பனி பெய்யாமல் காற்றிலேயே தொங்கியது. எங்கோ ஊசியிலை மரத்திலிருந்து பனிக்கட்டி சரிந்து விழும் சத்தம், அவளுடைய உடுப்பு உரசும் சத்தம், கருவிக்குள் சூடேற்றியின் ஈ போன்ற ரீங்காரம். இவை தவிர மலை முழுவதும் பஞ்சு அடைத்த காதுபோல் கிடந்தது. ஈரக் கரியின் வாசனை வந்தது. இந்தச் சுரங்கம் மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. வாசனை மட்டும் புதிதாக, இப்போதுதான் வேலை முடித்து வந்தவனின் கழுத்துமடிப்பிலிருந்து எழுவதுபோல் வந்தது.

பத்து நிமிடத்தில் எண் ஆறு குறைந்தது. அடுத்த பத்தில் ஒன்பது. அதற்கடுத்து இருபது.

முந்நூறு மீட்டர் ஆழத்தில் இருக்கும் குழி எண்ணை இவ்வளவு அசைக்காது. இது பக்கத்தில் இருந்தது. பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

கருவியைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து எதிர்ப்புறப் புல்மேட்டில் வைத்து, மட்டக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து பார்த்தாள். எண் ஏறியிருந்தது. மூச்சு வந்தது. பத்து நிமிடம் காத்திருந்தாள்.

குறைந்தது.

மீண்டும் தூக்கினாள். ஓடைக்கரை. ஏறியது. காத்திருந்தாள். குறைந்தது. சுரங்கக்காரர்களின் பழைய விளக்கு அறைத் தளம். ஏறியது. குறைந்தது. ஒவ்வொரு தடவையும் காத்திருக்கும் நேரம் சுருங்கியது. பத்து நிமிடம். ஆறு. மூன்று.

லாரி நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள். லாரியில் ஏறிப் போய்விடலாம். சமமான வரைபடத்தில் முத்திரை குத்திவிட்டு வீட்டுக்குப் போய், அடுப்பு மூட்டித் தரையைச் சூடாக்கிப் படுத்துக்கொள்ளலாம். இருபத்தொன்பது வயதில் ஒருமுறை அப்படிச் செய்தாயிற்று.

பயம் இருந்தது. இருக்கட்டும். அவள் எண்ணை எழுதினாள். நேரத்தை எழுதினாள். கீழே பார்த்துச் சொன்னாள்:

"வாங்க. நான் எங்கயும் ஓடல."

துளையிடும் வண்டி சரிவின் கிழக்கு மூலையில் நின்றது. ஒப்பந்தப்படி அளவைக் குழு சொல்லும் இடத்தில் சரிபார்க்க ஒரே ஒரு துளை போட வேண்டும். அவள் கருவியோடு அங்கே போய்ச் சேர்ந்தபோது மான்சுவும், வண்டியோட்டும் கியோனும், பியோவும் நின்றிருந்தார்கள். விடுதிக்காரர்களின் ஆலோசகர் இந்தப் பியோ. அந்த நாளில் மூன்றாம் சுரங்கத்தின் பகுதித் தலைவராக இருந்து, தேடல் போதும் என்று கையெழுத்துப் போட்டவரும் அவரே. எழுபது வயதிலும் முதுகு வளையவில்லை.

"தூஷிக் சம்சாரமா? இன்னும் இந்தப் பெட்டியத் தூக்கிட்டுதான் திரியறியா?"

"எனக்குப் பேர் இருக்கு."

"அந்தக் காலத்துல காலைல வேலைக்குப் போறப்ப ஒரு பொம்பள குறுக்க வந்தாப் போதும், எங்க ஆளுங்க அப்படியே வீட்டுக்குத் திரும்பிடுவாங்க. இப்ப பொம்பளதான் சுரங்கத்தையே அளக்குது."

"தெரியும். அன்னைக்கு நான் குறுக்க வந்திருக்கணும்."

கியோன் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தார்.

பியோ மான்சுவிடம் திரும்பினார். "வரைபடம் சமமா இருக்குன்னு நீயே சொன்ன. துளைய அந்தப் பாறை ஓரமாப் போட்டுட்டு முடி. பொழுது போகுது."

ஹேரான் கருவியை வைத்தாள். குமிழி. லென்ஸ். இந்த முறை காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. எண் இறங்கிக்கொண்டே போனது. கருவியின் பக்கத்தில் பனிக்குள் முளையை அறைந்தாள்.

"இங்க."

"பைத்தியமா? பழைய வரைபடத்துல இதுக்கு நேர் கீழ ஒண்ணுமே இல்ல. எந்தப் பாதையும் இருநூத்தெண்பது மீட்டர் ஆழத்துக்கு மேல வந்ததில்ல. எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள். "அதனாலதான் இங்க போடச் சொல்றேன்."

மான்சு அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு தொப்பியிலிருந்து பென்சிலை எடுத்து, முளையின் எண்ணை எழுதினான். "துளை எங்கன்னு சொல்றது எங்க வேலை ஐயா. கியோன் அண்ணே, ஓட்டுங்க."

இயந்திரம் உறுமியது. ஒரு மீட்டர், மண். இரண்டு, களி. மூன்று, பாறை, துளைக்கம்பி கிறீச்சிட்டது. நான்காவது மீட்டரில் துளைக்கம்பி பிடியில்லாமல் தானே கீழே விழுந்தது. வண்டியின் இரும்புக் கவ்வி டங்கென்று பிடித்துக்கொள்ள, வண்டியே ஒரு குலுக்கு குலுங்கியது. கியோன் இயந்திரத்தை நிறுத்தினார்.

துளையிலிருந்து காற்று வந்தது. வெதுவெதுப்பாக. ஈரக் கரி, கம்பளி, வெகுநாள் மூடிக் கிடந்த சோற்று டப்பா, எல்லாம் கலந்த வாசனை. குளிரில் அது வெள்ளை ஆவியாக எழுந்து நின்றது. பிறகு உள்ளே போனது. பிறகு வந்தது. பழைய சுரங்கம் மூச்சு விடும், வெளிக்காற்றின் அழுத்தம் மாறினால் அப்படித்தான் என்று கியோன் தொடங்கினார். முடிக்கவில்லை. அழுத்தம் மாறப் பல மணி நேரம் ஆகும். இது ஆள் மூச்சின் வேகம். ஒரே சீராகவும் இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாக. பல.

பியோ கைபேசியை எடுத்துக்கொண்டு லாரிப் பக்கம் நடந்தார். கியோனும் மான்சுவும் பின்வாங்கி வண்டிக்கு அந்தப்புறம் போய் நின்றார்கள்.

"அக்கா, வந்துடு."

அவள் போகவில்லை. துளைக்கம்பியைப் பார்த்தாள். துளையின் விளிம்பை ஒட்டி இரும்பில் ஒரு கைத்தடம் இருந்தது. ஈரக் கரி. ஐந்து விரலும் தெளிவாக. அதன்மேல் இன்னொன்று. அதற்கும்மேல் இன்னொன்று. ஏறும் கைகள். கவ்விக்கு மேலேயும் இருந்தன. இதுவரை மண்ணுக்குள் போகாத இரும்பில், அவள் தலை உயரத்தில், கடைசித் தடம் இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

ஹேரான் கையுறையைக் கழற்றி அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்தாள். சூடு.

துளை மூச்சு விடுவதை நிறுத்தியிருந்தது.

கருவிக்குப் போனாள். மண்டியிட்டாள். கண்ணை வைத்தாள். எண் ஏறியிருந்தது. மற்ற எந்தக் கெட்டித் தரையிலும் வரக்கூடிய எண். கீழே வெற்றிடம் இல்லை. கீழே யாரும் இல்லை.

ஆனால் கருவியின் மெல்லிய கம்பி நிற்கவில்லை. லென்ஸுக்குள் அது நடுங்கிக்கொண்டே இருந்தது. கருவிக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கால் மாற்றினாலே போதும், அது அப்படித்தான் நடுங்கும். மான்சுவும் கியோனும் வண்டிக்கு அப்பால். பியோ நாற்பது அடி தள்ளி. இது மிக அருகில். ஓர் ஆளின் கால் மட்டும் அல்ல. அவளைச் சுற்றிலும்.

அவள் தலையைத் தூக்கவில்லை.

"கொஞ்சம் அசையாம நில்லுங்க. எழுதிக்கறேன்."

கம்பி நின்றது. சட்டென்று. எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில்.

எண்ணை எழுதினாள். நேரத்தை எழுதினாள். அதன் கீழே, நான்கு மீட்டரில் வெற்றிடம், துளையால் உறுதியானது என்று எழுதி, பையிலிருந்து பெயர் முத்திரையை எடுத்து அழுத்தினாள்.

"எழுதியாச்சு" என்றாள். "இனி நீங்க போகலாம்."

கம்பி துடித்தது. பிறகு துடிப்பு சிறுகச் சிறுகத் தணிந்தது, தொலைவுக்குப் போகும் நடைபோல.

லாரியருகே பியோ முதுகைக் காட்டி நின்று கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். "இல்லைங்க, ஒண்ணுமில்ல. தரை சுத்தமா இருக்கு." அவர் நடந்துபோன ஒற்றைத் தடத்தைத் தவிர அவருக்கும் அவளுக்கும் நடுவே யாரும் மிதிக்காத பனி. அதில் காலடி அளவுக் குழிகள் அவரை நோக்கி விழுந்துகொண்டிருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, அகன்ற வரிசையில், அவசரமில்லாமல். ஒவ்வொரு குழியின் அடியிலும் கறுப்பு.

அவள் அவரைக் கூப்பிடவில்லை.