சோதனைமுத்துவுக்குக் கிடைத்த உதவித்தொகை

செவ்வாய்க் கிரகத்துப் புழுதியூரில் திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாள்தான் காற்று வரும். காலை ஆறு மணிக்குத் திறந்து ஏழு மணிக்கு அடைத்துவிடுவார்கள். கல்லூரி விடுதியின் குழாயடியில் ஐந்தரைக்கே காற்று உருளைகள் வரிசை கட்டிவிடும். உருளைக்குப் பதிலாகச் செங்கல்லை வைத்து இடம் பிடித்துவிட்டுத் தூங்கப் போகிறவர்களும் உண்டு. அந்தச் செங்கற்கள் பூமியிலிருந்து விண்கலத்தில் தருவிக்கப்பட்டவை. வேறு எந்தக் காரியத்துக்கும் அங்கே செங்கல் பயன்படுவதில்லை.

அப்படியொரு புதன்கிழமை, வரிசையில் பதினேழாவதாக நின்ற சங்கரேஸ்வரிக்குக் காதுக்குள் ஒரு செய்தி வந்தது. புழுதியூர்க்காரர்கள் பிள்ளைக்குக் காது குத்தும்போதே தாய்மாமன் மடியில் வைத்துக் காதுப்பொறியையும் பதித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு எவரும் எவரையும் வாய்விட்டுக் கூப்பிட வேண்டியதில்லை. ஆனாலும் கூப்பிடுவார்கள்.

"தங்கள் உதவித்தொகை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது," என்றது செய்தி. "காரணம்: விண்ணப்பதாரர் ஒரு தொழிலதிபர்."

சங்கரேஸ்வரி தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். இடது செருப்பில் வார் அறுந்து, கம்பியால் கட்டியிருந்தது.

அவள் பனி வேளாண்மை மூன்றாம் ஆண்டு மாணவி. குடியேறிகளின் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு ஆண்டு படிப்பு இலவசம். மூன்றாவது ஆண்டுதான் கடைசி ஆண்டு. அதற்கு மட்டும் கட்டணம் உண்டு. மாத முடிவுக்குள் கட்டாவிட்டால் வகுப்பில் இருக்கையும் போகும், விடுதியில் காற்றுப் பிடிக்கும் எண்ணும் போகும். அடுத்த வண்டியில் வடமுனைக்குக் கிளம்ப வேண்டியதுதான். அங்கே அவளுடைய அப்பா கருத்தப்பாண்டி பனிச் சுரங்கத்தில் வெட்டிக்கொண்டிருந்தார். "ஒத்த வருசந்தான, விடு தாயி, வந்துரு" என்று அவர் இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. ஒத்த வருடத்துக்காகத்தான் அவள் இரண்டு வருடம் கண் விழித்துப் படித்திருந்தாள் என்பது அவருக்குப் புரியவில்லை.

தொழிலதிபர் ஆன கதை இப்படி. அவளும் உடன் படித்த ஜெபசிங்கும் சேர்ந்து விடுதியின் துணி துவைக்கும் அறையில் ஒரு நிறுவனம் தொடங்கியிருந்தார்கள். பெயர் 'தேடித்தா'. செத்துப்போன செல்வந்தர்கள் விட்டுச்சென்ற அறக்கட்டளைகள் புழுதியூரில் நாற்பதாயிரம் இருந்தன. நடத்துவதெல்லாம் எந்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை. இரட்டைப் பிள்ளைகளில் இளையவருக்கு மட்டும் தருவது ஒன்று. தேங்காய்ச் சட்னி பிடிக்காதவருக்கு ஒன்று. கடலையே பார்த்திராத மாணவருக்கு என்று ஒரு புண்ணியவான் எழுதி வைத்ததற்கு மட்டும் ஊரே விண்ணப்பித்தது. எந்த மாணவருக்கு எந்த உதவித்தொகை பொருந்தும் என்று கண்டுபிடித்து, படிவம் நிரப்பி, சான்றிதழ் வாங்கி அனுப்புவது தேடித்தாவின் கணினி நிரலுடைய வேலை. அறுநூற்றுச் சொச்சம் பிள்ளைகள் அதனால் படித்தார்கள். பதிலுக்கு நன்றி சொன்னார்கள். ஒரே ஒரு பையன் லட்டு கொடுத்தான்.

அவளுக்குப் பொருந்தியது ஒன்றே ஒன்று: அமரர் குருவம்மாள் நினைவு உதவித்தொகை. ஆண்டுக்கு ஒருவருக்குத்தான். முழுக் கட்டணம், முழுக் காற்று, படித்து முடித்த மறுநாளே காற்று வாரியத்தில் அரசு வேலை. அதுதான் இப்போது போயிற்று.

உருளையை நிரப்பாமலே அவள் துவைக்கும் அறைக்கு ஓடினாள். ஜெபசிங் சலவை எந்திரத்தின்மேல் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஏலே ஜெபா, நான் தொழிலதிபராம்லே."

"மேடம், வணக்கம்," என்று அவன் எழுந்து நின்றான். அவள் முகத்தைப் பார்த்ததும் நுரையைத் துப்பினான். "என்ன பிள்ள, நெசமாவா?"

"கம்பெனி எம் பேர்லதான இருக்கு. நீதான் 'லேடீஸ் ஃபர்ஸ்ட்'னு சொல்லி எழுத வச்ச."

"சரி, யாருக்குக் குடுத்துருக்கானுவோ? பாப்போம்."

தேர்வானவர் பெயரைக் கேட்டார்கள். தேடித்தா வெகு பணிவாக அறிவித்தது: "நம் நிறுவனத்தின் மாணவரே தேர்வாகியிருக்கிறார். திரு. சோதனைமுத்து. தந்தை பெயர், சோதனைச்சாமி."

ஜெபசிங்கின் முகம் செவ்வாய் மண்ணின் நிறத்திலிருந்து வெள்ளைக்குப் போயிற்று.

"யாருலே அது?"

"அது... ஆளு இல்ல பிள்ள. நிரல் சரியா ஓடுதான்னு பாக்க நான் சும்மா போட்ட பேரு. வருமானம் பூச்சியம், சொத்து பூச்சியம், அபராதம் பூச்சியம். படம் கேட்டுச்சு, மூலையில கெடந்த என் காத்து உருளையைப் படம் புடிச்சுப் போட்டேன். அப்பறம் அழிக்க மறந்துட்டேன்."

அவன் மறந்தான், தேடித்தா மறக்கவில்லை. பதினான்கு அலுவலகங்களுக்கு விண்ணப்பம் போட்டு, சோதனைமுத்துவுக்குப் பிறப்பிடச் சான்றிதழ், வறுமைச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ் என்று பதினான்கும் வாங்கியிருந்தது. அலுவலகங்களிலும் எந்திரங்களே இருந்தபடியால் ஆளை அழைத்துவா என்று எவரும் கேட்கவில்லை. பிறந்த நேரம் கேட்ட இடத்தில் மட்டும் ஜெபசிங் அந்தப் பதிவைப் போட்ட நேரத்தைக் கொடுத்திருந்தது. ஏறக்குறைய உண்மைதானே.

சங்கரேஸ்வரிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இருவரும் கலந்து பேசி, உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்கள். வேறு பொய் எதுவும் அப்போது தோன்றவில்லை.

மறுநாள் அறக்கட்டளையின் கள ஆய்வு எந்திரன் வந்தது. மூன்று சக்கரமும் ஒரு கண்ணும் உள்ளது. கக்கத்தில் ஒரு கோப்பு வைத்திருந்தது; கோப்பிலுள்ளது எல்லாம் அதன் தலைக்குள்ளேயே இருந்தாலும், கோப்பில்லாமல் போனால் மரியாதை இருக்காதாம்.

"சோதனைமுத்து அவர்களின் இருப்பிடம் இதுதானா?"

"ஐயா, அப்படி ஒரு ஆளே கெடையாதுய்யா," என்றாள் சங்கரேஸ்வரி. "அது தப்பா விழுந்த பேரு. நாங்கதான் போட்டோம். எங்க தப்புதான்."

எந்திரனின் கண் அறையை ஒரு சுற்றுச் சுற்றி, மூலையில் சாய்த்து வைத்திருந்த உருளையில் நின்றது. கோப்பைப் பிரித்துப் படத்தைப் பார்த்தது. மறுபடி உருளையைப் பார்த்தது.

"முகம் நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிறது. நலமாக இருக்கிறீர்களா?" என்று உருளையிடம் கேட்டது.

உருளையின் மூடி சரியாக இறுகவில்லை. "ஸ்ஸ்ஸ்" என்றது.

"மூச்சு இருக்கிறது," என்று எழுதிக்கொண்டது எந்திரன். "மிதமாகப் பேசுபவர்."

"யோவ், அது சிலிண்டருய்யா!" என்று கத்தினான் ஜெபசிங்.

"ஏழை மாணவரின் தோற்றத்தைக் கேலி செய்வது மூன்றாம் பிரிவின் கீழ் குற்றம்," என்றது எந்திரன். "இவர் இல்லை என்று நீங்கள் கருதினால் அதற்கு இன்மைச் சான்றிதழ் வேண்டும். ஏழாம் எண் முகப்பில் தருவார்கள். சம்பந்தப்பட்டவர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும்."

"இல்லாதவன் எப்படிய்யா நேர்ல வருவான்?"

"வராவிட்டால் இன்மைச் சான்றிதழ் விண்ணப்பத்தில் அவருக்கு அக்கறை இல்லை என்று பொருள். முடித்து வைத்துவிடுவோம்."

அடையாள அட்டை ஒன்றை உருளையின் கழுத்தில் மாட்டிவிட்டு எந்திரன் வெளியேறியது. வாசலில் திரும்பி, "வகுப்புக்கு ஒழுங்காக வரச் சொல்லுங்கள், எழுபத்தைந்து விழுக்காடு வருகை கட்டாயம்," என்று சங்கரேஸ்வரியிடம் சொல்லிவிட்டுப் போயிற்று.

எந்திரன் போன பிறகும் உருளைதான் பேசிக்கொண்டிருந்தது. பிறகு ஜெபசிங் எழுந்து அதன் மூடியை இறுக்கினான்.

"பேசாம நீ போய் ஒக்காரு பிள்ள. இருக்கை அட்டையைத்தான் பாக்கும், மூஞ்சியைப் பாக்காது."

"அது திருட்டுலே."

"யாருகிட்டருந்து திருடுற? அவன்கிட்டருந்தா? வேணும்னா கேட்டுப் பாரு, ஆட்சேபணை உண்டான்னு."

அவள் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் அட்டையை மாட்டிக்கொண்டு போய் வகுப்பில் உட்கார்ந்தாள். காலியாகக் கிடக்கிற இருக்கையில் உட்காருவதைப் புழுதியூரில் யாரும் குற்றமாக நினைப்பதில்லை. வண்டிகளில் ஏறி இடம் பிடித்துப் பழகிய ஊர்.

பேராசிரிய எந்திரம் "சோதனைமுத்து" என்றது. "உள்ளேன்" என்றாள். சக மாணவர்கள் ஒரு வாரம் சிரித்தார்கள், அடுத்த வாரம் "முத்தண்ணே, நோட்டு குடுங்க" என்று கேட்கத் தொடங்கினார்கள். சோதனைமுத்து பனிக் கத்திரிக்காய் பற்றி எழுதிய கட்டுரைக்கு முதற்பரிசு கிடைத்தது. ஏட்டின்படி சங்கரேஸ்வரி என்ற மாணவி படிப்பை நிறுத்திவிட்டுத் தொழிலில் கவனம் செலுத்திக்கொண்டிருந்தாள். சில நாள் காலையில் கண் விழித்ததும், தான் இவர்களில் யார் என்று அவளுக்கே ஒரு நிமிடம் பிடிபடாது. எழுந்து செருப்பைப் பார்ப்பாள். கம்பி இருந்தால் சங்கரேஸ்வரிதான்.

இப்படியே பத்து மாதம் ஓடிற்று. கட்டணம் கட்டியாகிவிட்டது என்றுதான் அப்பாவிடம் சொல்லியிருந்தாள். கடைசித் தேர்வு தொடங்க ஐந்தே நிமிடம் இருந்தது. தேர்வுக் கூடத்தில் அவள் உட்கார்ந்திருந்தபோது காதுக்குள் அப்பா வந்தார். பின்னணியில் பனி வெட்டும் சத்தம்.

"தாயி, சாப்ட்டியா? ஒனக்கு ஒரு வரன் வந்துச்சு. ஒங்க காலேஜிப் பையன்தான். சோதனைமுத்துன்னு பேரு. ஒனக்குப் பழக்கமா?"

சங்கரேஸ்வரி தன் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள். "பாத்துருக்கேன்ப்பா," என்றாள்.

"தரகு எந்திரந்தான் கொண்டாந்துச்சு. குருவம்மா ஒதவித்தொகையில படிக்கிறாப்ல. முடிச்ச மறுநாளே காத்து வாரியத்துல வேலை. பத்துப் பொருத்தத்துல ஒம்பது பொருந்துது. குடி கெடையாது, சண்டை கெடையாது, ஒரு அபராதம் கெடையாது. அம்மாவுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு."

"அம்மா எப்பப் பாத்தாங்க அவரை?"

"அவரை எதுக்குப் பாக்கணும்? சர்டிபிகேட்டு பதினாலும் பாத்தாச்சு. போட்டோல கழுத்து இல்லாம, ஆளு கொஞ்சம் உருண்டையாத்தான் இருக்காப்ல. ஆம்பளைக்கு என்ன அழகு வேண்டிக் கெடக்கு?"

தன்னையே தனக்குக் கட்டி வைக்கப் பார்க்கிறார்கள் என்பது அவளுக்குச் சற்று மெதுவாகத்தான் உறைத்தது. சரி என்று சொன்னால் என்ன ஆகும், மாட்டேன் என்றால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. தேர்வு தொடங்க ஒரு நிமிடம்.

"சரின்னு சொல்லிட்டீங்களாப்பா?"

"சொல்லத்தான் இருந்தோம். மொறைப்படி, மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன செய்யணும்னு கேட்டு ஒரு தாக்கல் விட்டேன். அவங்க தரப்புல தேடித்தான்னு யாரோ ஒரு ஆளு பதில் போட்ருக்காரு. எதிர்பார்ப்பு எதுவும் இல்லையாம். நகை வேண்டாம், வண்டி வேண்டாம். ஒரு உருளைக் காத்துகூட வேண்டாம்ட்டாங்க!" பனி வெட்டும் சத்தம் நின்றது. "ஒங்க அம்மா அழுதே போட்டா. நீயே சொல்லு தாயி. காத்து வாரிய மாப்பிள்ளை ஒண்ணுமே கேக்கலைன்னா, பையன்கிட்ட ஏதோ பெரிய கொறை இருக்குன்னுதான அர்த்தம்?"

"அப்பா..."

"நீ கவலைப்படாத. நான் விடல. ஒண்ணுமே கேக்காத இவன் நெசமான ஆளுதானான்னு தீர விசாரிங்கன்னு அறக்கட்டளைக்கே ஒரு மனுவைத் தட்டிவிட்டேன். எந்த மனுவையும் கெடப்புல போடுறவங்க, இந்தக் காரணத்தைப் படிச்சதும் ஒடனே எடுத்துக்கிட்டாங்க. விசாரணை முடியிற வரைக்கும் அவன் அட்டையை இன்னைக்கே நிறுத்தி வைக்கிறாங்களாம்."

மணி அடித்தது. வினாத்தாள் விரிந்தது. சங்கரேஸ்வரி உட்கார்ந்திருந்த இருக்கை லேசாக முன்பக்கம் சாய்ந்து, வெகு மரியாதையாக அவளைத் தரையில் இறக்கிவிட்டது.

"ஒரு வருசம் ஒன்கூடப் படிச்ச பய," என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். "ஒனக்காவது சந்தேகம் வந்துருக்க வேண்டாமா தாயி?"